மணலுக்குள் ஒரு பாடம்

கேள்வி: ஏழாம் வகுப்பு மகளை இரவில் ஆமை நடைக்குப் பள்ளியில் அழைக்கிறார்கள். அனுப்பலாமா டீச்சர்?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா. ஜனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர்ப் பக்கம் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். 1988 முதல் மாணவர்கள் இரவில் கரையோரம் நடந்து, அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். இதுதான் ஆமை நடை. மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண். இதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப் போட்டேன், யாருக்கும் பதியவில்லை. ஒருநாள் இரவு, முட்டைகளை எடுத்த குழிக்குள் முழங்கை வரை கையை விட்ட என் மாணவி, “டீச்சர், உள்ளே வெதுவெதுன்னு இருக்கு!” என்றாள். அப்புறம் அவளுக்குப் பாடமே தேவைப்படவில்லை.

எத்தனை ஆசிரியர்கள் கூடப் போகிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். டார்ச் வேண்டாம், வெளிச்சம் ஆமைகளைக் குழப்பும். தண்ணீர் பாட்டில் கட்டாயம்.