அந்த மலைப் போட்டிக்குப் போகலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கட கேள்வியைத் திருகோணமலையில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்துதான் வாசித்தேன். நாலு நாளாகக் கச்சான் காத்து விடாமல் அடிக்குது. படலைக்கு வெளியே இரண்டு புள்ளிமான் மதில் நிழலில் படுத்துக் கிடக்குது. இதே ஊர் உவர்மலைப் பிள்ளையான உங்களுக்கு இதை விவரிக்கத் தேவையில்லை.

வட வேல்ஸில் முதியோர் இல்ல வேலைக்கு வந்து ஐந்து மாதம், பாலா என்ற ஊர்ப் பக்கம், எங்கட ஆக்கள் ஒருவரும் இல்லை, லீவு நாளில் அறைக்குள்ளேயே இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீங்கள். கிராம மண்டபத்தில் ஆட்டு நாய் ட்ரயல், அதாவது நாயை வைத்து ஆடு ஓட்டிக் காட்டுகிற போட்டி, என்று ஒரு அறிவித்தல் பார்த்தேன், எங்களைப் போல ஆக்கள் போகலாமா, துணைக்கு அப்படி ஒரு நாய் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீங்கள்.

கட்டாயம் போங்கோ. நாயை மட்டும் இப்போது வாங்க வேண்டாம்.

நான் அந்தப் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் சின்னக் கடையும் தபால் கந்தோரும் நடத்த வந்து பத்தொன்பது வருசமாகுது. முதல் இரண்டு வருசமும் சனம் வரும், முத்திரை வாங்கும், மழையைப் பற்றி ஒரு வசனம் சொல்லும், போகும். எனக்கு அது சரியான வேதனை. ஒருநாள் ஒரு பண்ணைக்காரர் காசைக் கொடுத்துவிட்டு, "சனிக்கிழமை மேலே நிற்க ஒரு ஆள் குறையுது, வருவியா?" என்று கேட்டார். எதுக்கு மேலே என்றுகூட எனக்கு விளங்கவில்லை. சரி என்றேன்.

ட்ரயலில் நாய்க்காரர் கீழே ஒரு கம்பத்தடியில் நிற்பார். தேசியப் போட்டியென்றால் 400 யார்ட் தூரத்தில் மலைமேல் ஐந்து ஆடு விடப்பட்டிருக்கும். அந்த ஐந்தையும் பட்டியிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, நாய் வரும்வரை ஓடாமல் நிற்கவைக்கிற வேலைதான் "மேலே நிற்கிறது". விடியத் தொடங்கினால் பொழுதுபடும் வரைக்கும் ஒவ்வொரு நாய்க்கும் புதிதாக ஐந்து ஆடு. காத்தும் மழையும் முகத்தில் அறையும். கைகொடுக்க ஆள் எப்போதும் குறைவு. அங்கே போனால் "நீ எந்த ஊர்" என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள், "அந்தக் கேற்றைப் பிடி" என்பார்கள். என்னை அந்த ஊர்க்காரனாக்கியது அந்தக் கேற்றுத்தான்.

மேலே நிற்கிறவனுக்கு மட்டும் தெரிகிற ஒரு காட்சி இருக்குது. கீழே நாய்க்காரர் தீக்குச்சி அளவில் தெரிவார். நாய் பன்னப் புதருக்குள் மறைந்து, பெரிய வட்டமெடுத்து ஆடுகளுக்குப் பின்னால் வந்து சேரும். குரைக்காது. வயிறு புல்லில் உரசப் பதுங்கி, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே நிற்கும். ஐந்து தலையும் ஒன்றாக நிமிரும். நடுவில் நிற்கிற கிழட்டுத் தாய் ஆடு நிலத்தில் ஒருதரம் காலால் உதைக்கும். நாய் அசையாது. அது ஒரு அடி முந்தி வந்தால் ஆடு சிதறும், ஒரு அடி பின்வாங்கினால் ஆடு அதை மதிக்காது. பிறகு தாய் ஆடு மெல்லத் திரும்பி நடக்கும், மற்ற நாலும் பின்னால் போகும். அந்தத் திரும்பலை "லிஃப்ட்" என்பார்கள். நூறில் பத்துப் புள்ளி அதுக்குத்தான்.

மிச்சப் புள்ளிக் கணக்கையும் சொல்கிறேன், பார்க்கப் போகும்போது உதவும். அந்த வட்ட ஓட்டத்துக்கு 20. ஆடுகளை நேர்கோட்டில் நாய்க்காரரிடம் கொண்டுவருவதுக்கு 20. அவரை விட்டு அப்பால் ஓட்டி இரண்டு வாசலுக்குள்ளால் சுற்றிக் கொண்டுவருவதுக்கு 30. ஐந்தில் இரண்டைப் பிரிப்பதுக்கு 10, பட்டியில் அடைப்பதுக்கு 10. முழுப் புள்ளியும் முதலிலேயே கையில் இருக்கும், பிழை விட விடக் கழியும். நாய் ஆட்டைக் கடித்தால் அத்தோடு வெளியே. பட்டிக் கேற்றில் ஆறடிக் கயிறு கட்டியிருக்கும், ஆடுகள் உள்ளே போய்க் கேற்றைச் சாத்தும்வரை அந்தக் கயிறு கையை விட்டுப் போகக்கூடாது. தேசியப் போட்டியில் எல்லாவற்றுக்குமாகப் பதினைந்து நிமிசம்.

நீங்கள் இருக்கிற பாலாவிலேதான் 1873 ஒக்டோபரில் பிரித்தானியாவின் முதல் பதிவான ட்ரயல் நடந்தது. வென்றது ட்வீட் என்ற நாய். அதின்ர சொந்தக்காரர் வேல்ஸ்காரர் இல்லை, ஸ்கொட்லாந்தில் இருந்து வந்து குடியேறியவர். வெளியூரான் போகலாமா என்கிற கேள்விக்கு அந்த ஊரே அன்றைக்குப் பதில் சொல்லிவிட்டது.

நேற்றுத் தம்பலகாமத்தில் மச்சானின்ர மாட்டுப் பட்டிக்குப் போனேன். என்ர தாத்தாவும் பட்டிக்காரர்தான். சின்ன வயதில் அவர் மாட்டின் தோளுக்கு நேரே நின்று அரை அடி முன்னே போவார், மாடு நிற்கும். அரை அடி பின்னே வருவார், மாடு நடக்கும். கம்பு ஓங்கி நான் பார்த்ததே இல்லை. நேற்று மச்சானின்ர எருமைகளிடம் நானும் அதையே செய்தேன், அப்படியே நடந்தன. வேல்ஸ் மலையில் நாய் ஆட்டிடம் செய்வதும் இதைத்தான், தங்கச்சி. எவ்வளவு கிட்டப் போனால் மிருகம் அசையும், எந்தப் பக்கம் நின்றால் எந்தப் பக்கம் திரும்பும் என்று அறிகிற வித்தை. தாத்தாவுக்குத் தெரிந்ததை நான் வேல்ஸில் போய் நாய்களிடம் படித்தேன். அவர் இருக்கும்போது கேட்டுவைக்காமல் விட்டேனே என்று நேற்று முழுக்க மனம் கிடந்து அரித்தது.

என்ர முதல் ஓட்டத்தையும் சொல்ல வேண்டும். கடன் வாங்கிய நாய், காத்துப் பலத்த நாள். நடுவில் ஒரு பள்ளம், நாய் அதுக்குள் இறங்கியதும் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் பயத்தில் விசிலடித்தேன், திரும்பவும் அடித்தேன். பள்ளத்துக்குள் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்த நாய் என்ர விசிலைக் கேட்டு உள்ளுக்குத் திரும்பி, எனக்கும் ஆட்டுக்கும் நடுவால் குறுக்கே வெட்டியது. வட்ட ஓட்டப் புள்ளி கிட்டத்தட்ட முழுக்கப் போனது. ஆடுகள் ஐந்தும் கல்மதில் பாய்ந்து தங்கட பக்கத்து மலைக்கு ஓடின. வேலியில்லாத அந்த மலைகளில் ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு மேய்ச்சல் பகுதி இருக்கும். குட்டி அதைத் தாயோடு திரிந்து பழகும், பிறகு அதை விட்டுப் போகாது. அந்த இடத்துக்கு வேல்ஸ் மொழியில் "கினெவின்" என்று பெயர். வெருண்ட ஆடு அந்தப் பக்கம்தான் இழுக்கும். அதை முன்கூட்டி அறிந்து நாயை அந்தப் பக்கம் நிறுத்துகிறவர்தான் அங்கே நல்ல நாய்க்காரர். எனக்கு அது விளங்க மூன்று வருசம் பிடித்தது.

இப்போது என்னிடம் இருக்கிறவள் மணி. குட்டியிலிருந்து நான்தான் பழக்கினேன். வலஞ்சுழியாகச் சுற்ற "கம் பை", இடஞ்சுழியாகச் சுற்ற "அவே" என்று எல்லாரும் சொல்வதையே வைத்துக்கொண்டேன். நிறுத்த மட்டும் "படு". நடுவருக்கு எந்த மொழியும் ஒன்றுதான். பக்கத்துப் பண்ணைக்காரர் தன்ர நாயிடம் "கோர்வெத்" என்பார், வேல்ஸ் மொழியில் அதுவும் படு என்பதுதான். ஒருநாள் என்ர "படு"வுக்கு அவரின்ர நாயும் படுத்தது. குரலின் இறக்கம் அதுக்குப் போதும்.

நாய் ஏன் வேண்டாம் என்கிறேன்? போடர் கொலி என்கிற இந்த ஆட்டு நாய் வேலைக்கென்று பிறந்த சாதி. நீங்கள் பன்னிரண்டு மணித்தியால ஷிப்ட் செய்து வரும்வரை அறைக்குள் பூட்டிவைத்தால் அது கதவைப் பிறாண்டும், காரைத் துரத்தும், மனம் பேதலித்துப் போகும். தனிமைக்கு மருந்தாக அதை வளர்த்தால் தனிமை இரண்டு பேருக்காகும். விலையும் லேசில்லை. 2021 பெப்ரவரியில் வேல்ஸில் டொல்கெல்லா என்ற ஊரின் ஏலத்தில் ஒரு வயது நாயொன்று 27,000 பவுணுக்கு மேல் போனது. அது அன்றைய உச்ச விலைதான், ஆனால் பழக்கிய சாதாரண நாய்க்கும் ஆயிரக்கணக்கில் வேண்டும். யாருடைய வீட்டு நாயோடாவது நடக்கப் போனால்கூட ஆடு நிற்கிற வயலில் வாரை விடாதீங்கோ. நாய் ஆட்டைக் கலைத்தால் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தடுக்க வேறு வழியில்லையென்றால் பண்ணைக்காரர் சுடவும் கூடும்.

முதல் நாள் போகும்போது வெலிங்டன் பூட்ஸ், நல்ல மழைக் கோட்டு, போத்தலில் தேத்தண்ணி. ஓட்டம் நடக்கும்போது கதைக்காமல், கை அசைக்காமல் ஓரமாக நில்லுங்கோ. ஓட்டம் முடிந்ததும் போட்டியை நடத்துகிறவர்களின்ர கூடாரத்துக்குப் போய், உதவ ஏதும் இருக்கா என்று கேளுங்கோ. அந்த ஒரு கேள்வி போதும்.

நான் செப்டம்பர் நடுவில் திரும்புகிறேன். ஒக்டோபரில் இளம் நாய்களுக்கான நர்சரி ட்ரயல் எங்கட பள்ளத்தாக்கில் தொடங்கும். உங்கட ரோஸ்டர் வந்ததும் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கிச் சொல்லுங்கோ, நானும் மனுசியும் வந்து ஏற்றுகிறோம். மேலே நிற்க ஒரு ஆள் வேண்டும். அம்மா உங்களுக்கென்று மோர்மிளகாய் காயப் போட்டிருக்கிறா, இந்தக் காத்துக்கு இரண்டு நாளில் காய்ந்துவிடும்.