போக்கர் சீட்டாட்டத்தைத் தீவிரமாக ஆட விரும்புகிறவர் பணத்தையும் நேரத்தையும் எப்படிக் கையாள வேண்டும்?

முதலில் ஆட்டப் பணத்தைத் தனிக் கணக்கில் பிரித்து வையுங்கள். வீட்டு வாடகையும் அவசரத் தேவைக்கான சேமிப்பும் அதில் சேரவே கூடாது.

கிறிஸ் ஃபெர்குசன் 2000ஆம் ஆண்டின் உலக சாம்பியன். 2006இல் இணையத்தில் இலவசப் போட்டிகளில் தொடங்கி, கைக்காசு போடாமலே பத்தாயிரம் டாலர் சேர்த்துக் காட்டினார். அவர் வகுத்த கணக்கு இது: நேரடிப் பண ஆட்ட மேசையில் உட்கார மொத்த ஆட்டப் பணத்தில் அதிகபட்சம் 5 சதவீதம், பலர் மோதும் போட்டிக்கான கட்டணத்துக்கு 2 சதவீதம், மேசையில் நம் முன் இருக்கும் பணம் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் எழுந்துவிட வேண்டும். கையில் 1,000 டாலர் இருந்தால் மேசைக்கு 50தான். அது 600 ஆகச் சரிந்தால் 30. இப்படிக் கீழே இறங்குவதுதான் பலருக்கும் கசக்கிறது. ஆனால் இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அவருக்கே அந்தப் பத்தாயிரத்தைச் சேர்க்க ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. எனவே வேலையை விடாதீர்கள். மேசையை விட்டு எழும் நேரத்தை ஆட்டத்துக்கு முன்பே குறித்து வையுங்கள். தோற்ற இரவில் கூடுதலாக உட்காரும் மணி நேரம்தான் மிகவும் ஆபத்தானது. குழப்பிய ஆட்டங்களை எழுதிவைத்து மறுநாள் அலசுங்கள்.

இந்தியாவில் இருந்தால் ஒன்று: 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்திருக்கிறது.