வாசகர் கேள்வி: கம்பளத்துக்குத் தூசி உண்ணி மருந்து அடிக்கலாமா?

கேள்வி: என் கணவர் வளைகுடாவிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த கம்பளங்களில் ஒன்று வரவேற்பறையிலும் மற்றொன்று பிள்ளைகளின் படுக்கையறையிலும் கிடக்கின்றன. ஒன்பது வயது மகனுக்கு விடியற்காலையில் அடுக்குத் தும்மல் வருகிறது. மழைக்காலம் வந்துவிட்டால் இழுப்பும் சேர்ந்துகொள்கிறது. கம்பளம் சுத்தம் செய்யும் நிறுவனத்தார் வந்து, கருப்புத் துணி பொருத்திய கருவியால் மெத்தையில் ஒரு சாண் இடத்தை உறிஞ்சி, துணியில் படிந்த வெண்பொடியைக் காட்டி, "இத்தனையும் தூசி உண்ணி" என்றனர். நீராவியால் சுத்தம் செய்து மருந்தும் தெளித்தால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: முதலில் அந்தக் கருப்புத் துணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தூசி உண்ணி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளமே உள்ள, எட்டுக்கால் கொண்ட, சிலந்தி இனத்துக்கு உறவான உயிர். நுண்ணோக்கி இல்லாமல் அதை அடையாளம் காண முடியாது. துணியில் நீங்கள் கண்டது உதிர்ந்த தோல் செதிலும் துணி நூலின் தூளும் கலந்த சாதாரணத் தூசி. அதில் உண்ணியும் இருந்திருக்கலாம். ஆனால் எந்த வீட்டு மெத்தையை உறிஞ்சினாலும் அதே வெண்பொடிதான் வரும் என்பதால், அது உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய சான்று ஆகாது.

வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இந்த உண்ணியே முக்கியக் காரணம் என்பதை நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1964இல் எடுத்துக்காட்டினார்கள். அது நம்மைக் கடிப்பதில்லை. நாம் உதிர்க்கும் தோல் செதிலைத் தின்று, நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது கழிவு உருண்டைகளை இடுகிறது. அவற்றிலுள்ள செரிமான நொதிதான் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலையும் இழுப்பையும் தூண்டுகிறது. ஆகவே உண்ணியைக் கொன்றுவிட்டால் மட்டும் வேலை முடிவதில்லை. அது செத்த பிறகும் கழிவு கம்பளத்தின் இழைகளுக்குள் அப்படியே கிடக்கும். "மருந்து அடித்தால் ஆறு மாதம் கவலையில்லை" என்ற பேச்சு சறுக்குவது இந்த இடத்தில்தான்.

நீராவிச் சுத்தம் என்று பெரும்பாலானோர் சொல்வது உண்மையில் நீராவி அன்று. சூடான நீரைச் சோப்புக் கலவையுடன் பீய்ச்சி உடனே உறிஞ்சி எடுக்கும் முறை அது. அழுக்கும் கழிவும் ஓரளவு நன்றாகவே வெளியேறும். ஆனால் தடித்த கம்பளத்தின் அடிப்பகுதியை எட்டுவதற்குள் நீர் ஆறிவிடுவதால், அங்கே கால்களால் இழையைப் பற்றிக்கொண்டிருக்கும் உண்ணிகளில் பல தப்பிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஈரம். உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. முன்னங்கால்களின் அடியிலுள்ள சுரப்பிகளின் உப்பைக் கொண்டு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 50 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் அது வற்றிச் சாகும். நம் மாவட்டத்துக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஆடிச் சாரலில் அலமாரியில் மடித்து வைத்த வேட்டியே பூசணம் பூக்கிறது. அந்தக் காலத்தில் கம்பளத்தை நனைத்து, இரண்டு நாள் ஈரம் உலராமல் கிடக்கவிட்டால், காசு கொடுத்து உண்ணியை வளர்த்த கதையாகும்.

தெளிக்கும் மருந்துகளில் பொதுவாக இரண்டு வகை உண்டு. பென்சைல் பென்சோயேட், பெர்மெத்ரின் போன்றவை உண்ணியைக் கொல்லும். ஆனால் மருந்து இழையின் அடிவரை இறங்கினால்தான் பலன், பிறகு நிதானமாக உறிஞ்சியும் எடுக்க வேண்டும். டானிக் அமிலம் உண்ணியைக் கொல்லாது. கழிவிலுள்ள புரதத்தின் வீரியத்தை மட்டும் குறைக்கும். உயிரோடு இருக்கும் உண்ணிகள் கழிவை இட்டுக்கொண்டே இருப்பதால் அந்தப் பலன் நிலைக்காது. வெளிர்நிறக் கம்பளத்தில் பழுப்புக் கறையும் விழக்கூடும். உண்ணியைக் குறைக்கும் முறைகளைப் பற்றிய 54 பரிசோதனைகளைத் தொகுத்து 2008இல் வெளியான, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் ஆய்வு, இரசாயன முறைகளாலோ மற்ற முறைகளாலோ ஆஸ்துமா நோயாளிகளுக்குக் குறிப்பிடத்தக்க நன்மை கிடைத்ததாகக் காணவில்லை. எனவே ஒரு தெளிப்பை நம்பி மகனின் இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். தூசி உண்ணிதான் காரணமா என்பதைத் தோலில் சிறு துளிகளை இட்டுப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனையில் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கான ஆலோசனையை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம்.

எந்த முறையும் இழுப்பைக் குறைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாலும், உங்கள் இடத்தில் நானிருந்தால் அந்தப் பணத்தை வேறு விதமாகச் செலவிடுவேன். பிள்ளைகளின் அறையிலிருந்து கம்பளத்தை இன்றே எடுத்துவிடுவேன். வெறும் தரையை ஈரத் துணியால் துடைத்தால் தீர்ந்தது. பிள்ளை இரவு முழுவதும் முகம் புதைத்துக் கிடப்பது தலையணையில்தானே தவிர, வரவேற்பறைக் கம்பளத்தில் அன்று. நெருக்கமாக நெய்யப்பட்ட, ஜிப் வைத்த உண்ணித் தடுப்பு உறைகளை அவனுடைய மெத்தைக்கும் தலையணைக்கும் போட்டு, விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். குளிர்ந்த நீர் கழிவைக் கரைத்துக் கொண்டுபோகுமே தவிர உண்ணியைக் கொல்லாது. வெந்நீர் தாங்காத துணிப் பொம்மையை நெகிழிப் பையில் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்தெடுத்துப் பிறகு துவைத்தால் போதும்.

வரவேற்பறைக் கம்பளத்துக்கு நம் ஊர் வெயிலே நல்ல மருந்து. மாசி, பங்குனியில் மொட்டைமாடிக் கான்கிரீட் கால் வைக்க முடியாதபடி சுடும் நேரத்தில், கம்பளத்தைக் கவிழ்த்து விரித்து நான்கைந்து மணி நேரம் போடுங்கள். இவ்வாறு நேரடி வெயிலில் போட்ட கம்பளங்களில் உண்ணிகள் செத்ததை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990களில் பதிவு செய்திருக்கிறார்கள். பிறகு நன்றாகத் தட்டி, நுண்தூசியையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடுங்கள். தட்டும்போது மகன் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

நிறுவனத்தாரை அழைத்தே ஆக வேண்டும் என்றால் வறண்ட மாதத்தில் அழையுங்கள். மருந்தின் பெயர் என்ன, கம்பளம் அன்று மாலைக்குள் உலருமா, அதற்குக் காற்றூதி கொண்டுவருவார்களா, தெளித்த பின் உறிஞ்சி எடுக்கும் வேலையும் கூலியில் சேர்ந்ததா என்று முன்கூட்டியே கேளுங்கள். மருந்தின் பெயரைச் சொல்ல மறுப்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பூனையும் மீன் தொட்டியும் உள்ளன. சோபாவுக்கு உண்ணி மருந்து தெளிக்க நாளை வருகிறார்கள். ஏதேனும் கவனிக்க வேண்டுமா?
– வாசகர், தக்கலை

பதில்: மருந்து பெர்மெத்ரின் வகையாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மனிதருக்கு அதிகம் கெடுதல் செய்யாத அளவே பூனைக்கு நஞ்சாகும். மீனுக்கு அதைவிடக் கொடியது. வேறு மருந்தாக இருந்தாலும் தெளிப்பதற்கு முன் மீன் தொட்டியை வேறு அறைக்கு மாற்றி, காற்றுக் குமிழி விடும் பம்பையும் அதனுடன் கொண்டுபோய் வையுங்கள்; பம்பு தெளிக்கும் அறையிலேயே இருந்தால் அங்குள்ள காற்றைத்தான் தொட்டிக்குள் தள்ளும். பூனையைச் சோபா முழுவதும் உலர்ந்து, உறிஞ்சி எடுத்த பின் உள்ளே விடலாம்.