ஆடம் ஸ்மித்தும் கண்ணுக்குப் புலப்படாத கையும்: கேள்வி பதில்

கேள்வி: ஒவ்வொருவரும் தம் ஆதாயத்தைத் தேடினாலே சமூகம் நன்மை அடையும் என்பதுதானே பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துப் பொருளியலாளர் ஆடம் ஸ்மித்தின் கொள்கை?

பதில்: அவ்வாறு நிபந்தனையின்றி அவர் சொல்லவில்லை. 1776இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில் ‘கண்ணுக்குப் புலப்படாத கை’ என்ற தொடர் ஒரே இடத்தில்தான் வருகிறது. தூர தேசத்தில் போட்ட மூலதனம் தம் கண்பார்வையில் இராது என்று அஞ்சும் வணிகர் உள்நாட்டுத் தொழிலிலேயே முதலிட்டு, தாம் எண்ணியிராத பொதுநன்மைக்குக் காரணமாகிறார் என்பதே அங்குள்ள வாதம். வேறு பலவற்றிலும் இது நிகழும் என்கிறார். ஆனால் ‘அடிக்கடி’ என்றாரே தவிர ‘எப்போதும்’ என்று சொல்லவில்லை. ஒரே தொழில் செய்வோர் கூடினால் பேச்சு விலையேற்றும் சதியில் முடியும் என்று எச்சரித்ததும் அதே நூல்தான். இதை மறைத்துக் கற்பிப்பது மாணவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

கேள்வி: ரொட்டிக்கடைக்காரரின் கருணையால் நமக்கு உணவு கிடைப்பதில்லை என்று எழுதியவரும் அவர்தானே?

பதில்: ஆம். ஆனால் மனிதரை எவ்வளவு தன்னலமிக்கவராகக் கருதினாலும், பிறர் நலத்தில் அக்கறைகொள்ளும் இயல்பும் அவரிடம் உண்டு என்று 1759இல் தம் முந்தைய நூலைத் தொடங்கியவரும் அவரே.

கேள்வி: தன்னலம் எந்த இடத்தில் பொய்த்துப்போகிறது?

பதில்: செய்தவரே விளைவைச் சுமக்க வேண்டியிராத இடத்தில். ரொட்டி கெட்டுப்போனால் வாடிக்கையாளர் நாளை வரமாட்டார். 2008 நிதி நெருக்கடிக்கு முந்தைய அமெரிக்க வீட்டுக்கடன் சந்தையிலோ, கடன் கொடுத்த நிறுவனங்கள் பல அதைப் பத்திரங்களாக்கி விற்றுவிட்டன; கட்டணம் கையில் நின்றது, வாராக்கடனின் ஆபத்து பிறர் தலையில் விழுந்தது. கடன் நிறுவனங்களின் தன்னலமே பங்குதாரர்களைக் காக்கும் என நம்பியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான், 2008 அக்டோபரில் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன், அந்த நம்பிக்கை பொய்த்ததால் தமக்கு ஏற்பட்ட அதிர்ச்சியை ஒப்புக்கொண்டார். 1772இல் ஸ்காட்லாந்தின் ஏர் வங்கி முறிந்ததைக் கண்ட ஸ்மித்துக்கு இது வியப்பளித்திராது: தீ பரவாமல் வீடுகளுக்கிடையே சுவர் எழுப்பச் சொல்லும் சட்டத்துடன் வங்கிக் கட்டுப்பாட்டை ஒப்பிட்டவர் அவர்.

கேள்வி: அப்படியானால் அபராதம், ஊக்கத்தொகை போன்றவற்றால் தன்னலத்தை நெறிப்படுத்தலாமே?

பதில்: சில இடங்களில் முடியும். ஆனால் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் நடந்த ஓர் ஆய்வு, 2000இல் வெளியானது, நம்மை யோசிக்கவைக்கிறது. குழந்தைகளைத் தாமதமாக அழைத்துச்செல்லும் பெற்றோருக்குச் சில காப்பகங்கள் அபராதம் விதித்தபோது தாமதம் குறையவில்லை, கூடியது. காத்திருக்கும் ஆசிரியரை எண்ணிக் கூசிய மனம், அபராதத்தைக் கட்டணமாகக் கருதத் தொடங்கியது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். பின்னர் அபராதத்தை நீக்கியும் பழைய நிலை திரும்பவில்லை.