ஓஷுனில் டினுபு ஏன் பின்தங்கினார்? ஒரு நைஜீரிய மாநிலத்தின் முடிவை வாசிக்கும் விதம்

கேள்வி: இணைய இதழ் ஒன்றில் உலகச் செய்திகள் எழுதுகிறேன். அடுத்த நைஜீரிய அதிபர் தேர்தலுக்கு முன்னோட்டமாக ஒரே ஒரு மாநிலத்தை எடுத்து விரிவாக எழுதச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். யோருபா மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஓஷுனைத் தேர்ந்தெடுத்தேன். 2023-இல் யோருபாக்காரரான போலா டினுபு அதிபராகிவிட்டார், ஆனால் இந்த மாநிலத்தில் வடக்கத்திக்காரர் அத்திகு அபூபக்கர்தான் முதலிடம். “ஓஷுனைக் கைப்பற்றினார் அத்திகு” என்று எழுதலாமா? இன வாக்கு என்று எல்லோரும் சொல்வது பொய்யா? எந்த எண்களை நம்புவது?

பதில்: முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். 2023 பிப்ரவரி 25 அன்று நடந்த தேர்தலில், ஓஷுனில் பிடிபி கட்சியின் அத்திகு பெற்றது 3,54,366 வாக்கு. ஏபிசி கட்சியின் டினுபு 3,43,945. தொழிலாளர் கட்சியின் பீட்டர் ஓபி 23,283. முதல் இருவருக்கும் இடையே வித்தியாசம் 10,421.

“கைப்பற்றினார்” என்ற சொல்லைத் தயவுசெய்து போடாதீர்கள். அமெரிக்கத் தேர்தலைப் படித்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு மாநிலத்தில் முந்தியவருக்கே அந்த மாநிலம் மொத்தமும் சொந்தம் என்று தோன்றும். நைஜீரியாவில் அப்படிக் கிடையாது. எல்லா மாநில வாக்கும் ஒரே கணக்கில்தான் போய்ச் சேரும். நாடு முழுக்க அதிக வாக்கு வாங்கியவர்தான் ஜெயிப்பார், ஆனால் கூடவே 36 மாநிலங்களும் தலைநகர் அபுஜாவும் சேர்ந்த கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களில் குறைந்தது 25 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 134-ஆவது பிரிவு சொல்வது இதுதான். (அபுஜாவில் தனியாக 25 சதவீதம் கட்டாயமா என்று 2023-இல் பெரிய வழக்கே நடந்தது. கட்டாயமில்லை என்று முடிந்தது.)

இந்தக் கணக்கில் ஓஷுனை வைத்துப் பாருங்கள். அத்திகுவுக்கு 48 சதவீதம், டினுபுவுக்கு 47 சதவீதம். இருவருமே 25-ஐ எளிதாகத் தாண்டிவிட்டார்கள். டினுபுவின் மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வாக்கும் தேசியக் கணக்கில் முழுசாகச் சேர்ந்துவிட்டது. நாடு முழுவதும் அவர் 87,94,726 வாக்கு, அத்திகு 69,84,520. பதினெட்டு லட்சம் வித்தியாசத்துக்கு முன்னால் ஓஷுனின் பத்தாயிரம் ஒன்றுமே இல்லை. பின்தங்கியதால் டினுபுவுக்குப் போனது கௌரவம் மட்டும்தான். “ஓஷுனில் அத்திகு முதலிடம்” என்று எழுதுங்கள், போதும்.

அப்படியானால் இந்தப் பத்தாயிரத்தைப் பற்றி எதற்கு ஒரு கட்டுரை என்று ஆசிரியர் கேட்பார். தேர்தலை ஜெயிக்க வைப்பது யார் என்று அது காட்டிக்கொடுக்கிறது. நீங்கள் எழுத வேண்டிய கதை அங்கேதான் இருக்கிறது.

2019 முடிவை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அந்தத் தேர்தலில் ஏபிசி வேட்பாளர் முகமது புகாரி, வடக்கின் ஃபுலானி இனத்தவர். ஓஷுனில் அவருக்குக் கிடைத்தது 3,47,634. நான்கு வருஷம் கழித்து அதே கட்சி ஒரு யோருபாக்காரரை நிறுத்துகிறது. அவர் 2022 ஜூனில் அபெயோகுட்டா நகரில் நின்று “எமி லோகான்”, அதாவது “இது என் முறை” என்று யோருபாவிலேயே முழங்கியவர். அப்படிப்பட்டவருக்குக் கிடைத்தது புகாரியைவிட 3,689 வாக்கு குறைவு. பிடிபிக்கு இரண்டு முறையும் வேட்பாளர் அதே அத்திகுதான், 3,37,377-இலிருந்து 3,54,366-க்கு ஏறினார். இனம் மட்டுமே வாக்கைத் தீர்மானிக்கும் என்றால் ஏபிசியின் எண் எகிறியிருக்க வேண்டாமா?

இதை வைத்து ‘இன வாக்கு பொய்’ என்று எழுதிவிடாதீர்கள், அதுவும் தப்பு. பக்கத்து மாநிலமான ஓயோவில் ஏபிசி 3,65,229-இலிருந்து 4,49,884-க்கு ஏறியது. பிடிபி 3,66,690-இலிருந்து 1,82,977-க்கு, பாதிக்கும் கீழே விழுந்தது. ஓயோவும் யோருபா நிலம்தான். ஓஷுனே 1991 ஆகஸ்டில் பழைய ஓயோ மாநிலத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டதுதான். ஒரே மொழி, ஒரே வீட்டில் முஸ்லிமும் கிறிஸ்தவரும் இருக்கும் அதே வழக்கம். போதாததற்கு, இரண்டு மாநிலத்திலும் ஆளுநர்கள் பிடிபிக்காரர்களே. முடிவு மட்டும் தலைகீழ்.

காரணம் அந்த ஆளுநர்களிடம் இருக்கிறது. இங்கே உங்கள் வாசகருக்காக ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நைஜீரியாவில் ஆளுநர் என்றால் நம் ஊரில் டெல்லியிலிருந்து நியமிக்கப்பட்டு வருகிறவர் மாதிரி இல்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர், மாநிலப் பணமும் நிர்வாகமும் அவர் கையில். நம் கணக்கில் முதலமைச்சர். இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முழுக்க வாசகர் தப்பாகவே புரிந்துகொள்வார்.

ஓயோ ஆளுநர் செயி மகிண்டே, அத்திகுவுடன் முரண்டுபிடித்த ஐந்து பிடிபி ஆளுநர்களில் ஒருவர். அதிபர் வேட்பாளர் வடக்குக்காரர் என்றால் கட்சித் தலைவர் பதவியாவது தெற்குக்கு வரட்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அது நடக்கவில்லை, மகிண்டேயின் ஆட்கள் அத்திகுவுக்காக இறங்கவில்லை. மூன்று வாரம் கழித்து, மார்ச் 18 அன்று ஆளுநர் தேர்தல். அதே ஓயோ மக்கள், அதே பிடிபி, அதே குடைச் சின்னம். மகிண்டேவுக்கு 5,63,756 வாக்கு! அத்திகுவுக்குக் கிடைத்ததைப் போல மூன்று மடங்கு. ஒரே ஒரு எண்ணைத்தான் கட்டுரையில் போட முடியும் என்றால் இதைப் போடுங்கள்.

ஓஷுனில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2022 ஜூலை 16 ஆளுநர் தேர்தலில் பிடிபியின் அடெமோலா அடெலேகே 4,03,371 வாக்கு பெற்று, பதவியில் இருந்த ஏபிசி ஆளுநர் க்போயேகா ஒயெடோலாவை (3,75,027) வீழ்த்தியிருந்தார். அடெலேகே ஏடே ஊர்க்காரர், மேடையில் ஆடுவதற்குப் பேர்போனவர், பாடகர் டேவிடோவின் சித்தப்பா. அவருடைய அண்ணன் இசியாக்கா அடெலேகே, ஓஷுனின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர். அடெலேகே ஆதரவாளர்கள் அவரை “இமோலே” என்று கூப்பிடுவார்கள், யோருபாவில் வெளிச்சம் என்று பொருள்.

அதிபர் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, ஜனவரி 27 அன்று, தேர்தல் தீர்ப்பாயம் அடெலேகேயின் வெற்றி செல்லாது என்று சொல்லிவிட்டது. சில வாக்குச்சாவடிகளில், வாக்காளரைச் சரிபார்க்கும் கருவியில் பதிவானவர்களைவிட விழுந்த வாக்கு அதிகம் என்பது குற்றச்சாட்டு. மேல்முறையீடு இருந்ததால் பதவியில் தொடர்ந்தார். ஆக, பிப்ரவரி 25 அன்று அவருடைய கட்சிக்காரர்கள் அத்திகுவுக்காக மட்டும் வேலை செய்யவில்லை, தங்கள் ஆளுநர் நாற்காலிக்காகவும் வேலை செய்தார்கள். மாநிலத்தின் மூன்று செனட் இடங்களும் ஒன்பது கீழவை இடங்களும் அன்றைக்கே பிடிபிக்குப் போயின. (மேல்முறையீட்டு நீதிமன்றம் மார்ச்சிலும், உச்ச நீதிமன்றம் மே 9 அன்றும் அடெலேகே பக்கமே தீர்ப்பளித்தன.)

எதிர்ப்பக்கமான ஏபிசியிலோ வீடே இரண்டுபட்டுக் கிடந்தது. 2010 முதல் 2018 வரை ஆளுநராக இருந்த ரவூஃப் அரெக்பெசோலா, ஒரு காலத்தில் டினுபுவின் மிக நெருங்கிய சீடர். தனக்கு அடுத்து வந்த ஒயெடோலாவோடு மோதி, டினுபுவையும் வெளிப்படையாகத் தாக்கிப் பேசிவிட்டார். 2022 ஆளுநர் தேர்தலில் அவருடைய அணி ஒதுங்கி நின்றது, அந்தக் காயம் 2023-க்குள் ஆறவில்லை. அதற்கும் முன்னால் ஒரு பழைய கசப்பு உண்டு. 2015-இலிருந்து மூன்று ஆண்டுகள், அரசு ஊழியர்களில் பலருக்கு அரைச் சம்பளம்தான். ஓஷுனில் பெரிய தொழிற்சாலைகள் குறைவு. அரசுச் சம்பளம்தான் சந்தையில் கைமாறும் காசு. ஆசிரியர் வீட்டில் பாதிச் சம்பளம் வந்தால் கிழங்கு மாவு விற்கும் அம்மாவுக்கும் பாதி வியாபாரம்தான். ஒயெடோலா முழுச் சம்பளத்தைத் திரும்பக் கொண்டுவந்தார், ஆனாலும் அந்த வருஷங்களை மக்கள் மறக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓஷுனில் பதிவான வாக்காளர் 19 லட்சத்துக்கும் மேல். செல்லுபடியான வாக்கு ஏழேகால் லட்சத்தைச் சற்றே தாண்டியது. இவ்வளவு பேர் வீட்டிலேயே இருந்துவிடும் இடத்தில், யார் தன் ஆட்களை வரிசையில் கொண்டுவந்து நிறுத்துகிறாரோ அவருக்குத்தான் பலன். வார்டு வாரியாக ஆள் வைத்திருப்பவர் ஆளுநர்.

சரி, இது 2023-க்கு மட்டும் பொருந்தும் கதையா? பின்னோக்கிப் போய்ப் பாருங்கள், எனக்கு ஓஷுன் பிடித்துப்போனதே இதனால்தான். 2011-இல் அன்றைய அதிபர், பிடிபியின் குட்லக் ஜானதன், யோருபா நிலமான தென்மேற்கின் மற்ற ஐந்து மாநிலங்களிலும் முதலிடம். ஓஷுனில் மட்டும் ஏசிஎன் கட்சியின் நுஹு ரிபாடு, 2,99,711 வாக்கோடு. நாடு முழுவதிலும் ரிபாடு முதலிடம் பிடித்த ஒரே மாநிலம் இது. அவர் எந்த ஊர்? வடகிழக்கின் அடமாவா. அத்திகுவும் அடமாவாக்காரர்தான்! அப்போது ஓஷுனில் யார் ஆளுநர்? சில மாதங்களுக்கு முன் நீதிமன்றத் தீர்ப்பால் பதவிக்கு வந்திருந்த ஏசிஎன்னின் அரெக்பெசோலா. 2015-இல் ஆளுநர் ஏபிசி, முதலிடம் புகாரி. 2019-இலும் அப்படியே. 2023-இல் ஆளுநர் பிடிபி, முதலிடம் அத்திகு. நான்கு தேர்தலாக ஆளுநர் கட்சிதான் ஓஷுனில் முந்துகிறது.

இதை எல்லா மாநிலத்துக்கும் விதியாக்கிவிட வேண்டாம். ஓயோ ஏற்கெனவே உடைத்துக் காட்டிவிட்டது. லாகோஸில் 2023-இல் ஆளுநர் ஏபிசி, அது டினுபுவே ஒரு காலத்தில் ஆண்ட மாநிலம். அங்கே ஓபி 5,82,454, டினுபு 5,72,606. அந்தப் பெருநகரத்தின் இளைஞர்களும் பிற இனத்தவரும் சேர்ந்து எழுதிய முடிவு அது. ஓஷுனோடு குழப்பிவிடாதீர்கள்.

அப்புறம், எந்த எண்ணை நம்புவது என்ற கேள்வி. இதற்கு எண்ணும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். நைஜீரியாவில் வாக்குப்பெட்டி எங்கேயும் பயணம் போவதில்லை, வாக்களித்த இடத்திலேயே திறந்து எண்ணுவார்கள். ஓஷுனில் அப்படி 3,763 சாவடிகள். பல இடத்தில் அது ஒரு பள்ளித் தாழ்வாரம், அல்லது மரத்தடியில் போட்ட மேசை. வாக்காளர் மையில் விரலைத் தோய்த்துச் சீட்டில் ரேகை பதித்திருப்பார். அதிகாரி சீட்டுகளைக் கட்சிவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, சுற்றி நிற்கும் கூட்டம் பிடிபியின் குடைக்கு எத்தனை, ஏபிசியின் துடைப்பத்துக்கு எத்தனை என்று கூடவே சத்தம்போட்டு எண்ணும். எண் ‘ஈசி 8ஏ’ என்ற படிவத்தில் ஏறும், கட்சி முகவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், முடிவைச் சுவரில் ஒட்டுவார்கள், மக்கள் போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். இந்தப் படிவம்தான் மூலம். அங்கிருந்து வார்டு, உள்ளாட்சிப் பகுதி, மாநிலம், அபுஜா என்று கூட்டிக்கொண்டே போவார்கள். ஓஷுனில் உள்ளாட்சிப் பகுதிகள் 30.

படிவத்தின் படத்தை ‘ஐரெவ்’ என்ற பொதுத் தளத்தில் ஏற்றுவதாகத் தேர்தல் ஆணையம் வாக்குக் கொடுத்திருந்தது. 2023-இல் அதிபர் தேர்தல் படங்கள் அன்றைக்கே ஏறவில்லை. மக்களின் கோபம் நியாயமானது, எனக்கும் அது இன்றும் உறுத்துகிறது. ஆனால் ஏற்றத் தவறியதாலேயே முடிவு செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லிவிட்டது. ஆகவே அதிகாரபூர்வ எண் என்றால் மாநிலத் தொகுப்பு அதிகாரி அறிவித்தது. அதை எழுதுங்கள். சர்ச்சை இருந்தால் ‘இன்ன கட்சி இதை மறுக்கிறது’ என்று தனி வாக்கியமாக வையுங்கள். தேர்தல் இரவில் கட்சிகள் பரப்பும் பட்டியல்களைத் தொடவே தொடாதீர்கள், எவ்வளவு அவசரமாக இருந்தாலும்.

முன்னோட்டத்துக்கு எதைக் கவனிப்பது? கட்சிப் பெயரை விட்டுவிட்டு ஆட்களைப் பின்தொடருங்கள். 2025 இறுதியில் அடெலேகே பிடிபியை விட்டு அக்கார்டு கட்சிக்குப் போய்விட்டார், அதிபர் தேர்தலில் டினுபுவை ஆதரிப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அத்திகுவும் பிடிபியில் இல்லை, ஏடிசி கட்சிக்கு மாறினார். அதே கட்சியின் தேசியச் செயலாளர் பொறுப்புக்கு 2025-இல் வந்தவர் டினுபுவின் பழைய சீடர் அரெக்பெசோலா. இப்போது 2023-இன் 3,54,366 வாக்கை ‘பிடிபி வாக்கு’ என்று எடுத்து அடுத்த தேர்தலுக்குக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வாக்கைத் திரட்டியவர்கள் இன்று இரண்டு எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பெயரை ‘ஓசுன்’ என்று எழுத வேண்டாம், ‘ஓஷுன்’ என்றே எழுதுங்கள். அது ஓர் ஆற்றின் பெயர், யோருபாக்கள் கும்பிடும் ஆற்றுத் தெய்வத்தின் பெயரும்கூட. தலைநகர் ஒஷோக்போவில் அவளுக்கான காடு 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.