கெர்னல் மூல நிரலைத் தர மறுக்கும் கைபேசி நிறுவனம்: வாங்கியவர் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது?

கேள்வி: நான் ஒரு நிரலாளன். ஓய்வு நேரத்தில் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு கஸ்டம் ரோம் (நிறுவனம் தந்ததற்குப் பதிலாக நிறுவத்தக்க மாற்று இயங்குதளம்) உருவாக்கும் குழு ஒன்றில் பங்களித்து வருகிறேன். சென்ற ஆண்டு வாங்கிய ஸ்மார்ட்போனின் லினக்ஸ் கெர்னலின் (வன்பொருளை இயக்கும், இயங்குதளத்தின் மையப் பகுதி) மூல நிரலைக் கேட்டு அதன் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதினேன். புதிய மாடல் வெளியாகி மூன்று மாதம் கழித்துத் தருவதே தங்கள் வழக்கம் என்று முதலில் பதில் வந்தது. பிறகு அவர்கள் வெளியிட்ட தொகுப்போ என் கைபேசியில் ஓடும் பதிப்பைவிடப் பழையது. கேமரா, தொடுதிரை ஆகியவற்றை இயக்கும் டிரைவர் நிரல்கள் அதில் இல்லை. அதைக் கம்பைல் செய்து இயங்கும் வடிவாக்கவும் முடியவில்லை. மீண்டும் கேட்டபோது, சிப் தயாரிப்பாளருடன் செய்துகொண்ட இரகசியக் காப்பு ஒப்பந்தத்தால் மீதியைத் தர இயலாது என்கிறார்கள். நான் வழக்குத் தொடர முடியுமா? லினக்ஸ் கெர்னலில் என் சிறு பேட்ச் (நிரல் திருத்தம்) ஒன்று ஏற்கப்பட்டிருப்பது உதவுமா? மாற்றிய மென்பொருளை ஏற்காதபடி பூட்டப்பட்டுள்ள பூட்லோடரை (கைபேசியைத் தொடங்கிவைக்கும் நிரல்) திறந்துவிடும்படியும் கோரலாமா?

பதில்: நிறுவனம் கடமை தவறியிருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அந்தத் தவறுக்காக நீதிமன்றத்தை நாடும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பது வேறு கேள்வி. நீங்கள் எழுதியிருப்பவை உண்மையானால் முதல் கேள்விக்குத் தயக்கமின்றி ஆம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு அவ்வளவு எளிதில் பதில் சொல்ல முடியாது. உங்களைப் போன்று எழுதும் பலர் முதல் கேள்வியில் கிடைக்கும் வெற்றியை இரண்டாவதிலும் கிடைத்ததாக எண்ணிக்கொள்கிறார்கள் என்பதால் இரண்டையும் பிரித்தே பார்க்கிறேன்.

லினக்ஸ் கெர்னல், 1991-ல் வெளியான ஜிஎன்யு பொது உரிமத்தின் (ஜிபிஎல்) இரண்டாம் பதிப்பின்கீழ் வழங்கப்படுகிறது. அதன் 3-ஆம் பிரிவின்படி, கெர்னலைப் பைனரி வடிவில் (கம்பைல் செய்யப்பட்டு இயங்கத் தயாரான வடிவில்) விற்பனைக்காக விநியோகிப்பவர் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: முழுமையான மூல நிரலைப் பொருளுடன் சேர்த்தே தர வேண்டும், அல்லது, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் எழுத்துமூல உறுதிமொழியைப் பொருளுடன் தந்து, அதன்படி கேட்கும் எவருக்கும், பிரதி எடுத்து அனுப்பும் செலவுக்கு மேற்படாத கட்டணத்தில் நிரலை வழங்க வேண்டும். உங்கள் கைபேசியின் அமைப்புகளில் சட்டத் தகவல் அல்லது திறமூல உரிமங்கள் என்ற பக்கத்தைத் திறந்து, அப்படியொரு உறுதிமொழி இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியிலும் இல்லை, பக்கத்திலும் இல்லை என்றால், நீங்கள் கடிதம் எழுதுவதற்கு முன்பே, கைபேசி உங்கள் கைக்கு வந்த நாளிலேயே மீறல் நிகழ்ந்துவிட்டது.

ஆகவே மூன்று மாத வழக்கம் என்ற பதிலுக்கு உரிமத்தில் எந்த ஆதாரமும் இல்லை. பைனரியை விநியோகிக்கும்போதே கடமையும் தோன்றிவிடுகிறது. கோரிக்கை வந்தபின் நிரலைத் திரட்டி அனுப்பச் சில நாட்கள் ஆவதை எந்த நீதிமன்றமும் குறையாகக் கொள்ளாது என்றே நினைக்கிறேன். ஆனால் விற்பனைக் காலத்தைக் கணக்கிட்டு ஒரு காத்திருப்பைத் தாமே வகுத்துக்கொண்டு அதற்குக் கொள்கை என்று பெயர் சூட்டுவது வேறு விஷயம்.

பழைய பதிப்பைத் தந்ததும் கடமையை நிறைவேற்றியதாகாது. உங்களிடம் உள்ள பைனரி எந்த நிரலிலிருந்து உருவானதோ அந்த நிரலைத்தான் உரிமம் கேட்கிறது. ஒவ்வொரு புதுப்பிப்பும் ஒரு புதிய விநியோகமே. மேலும், முழுமையான மூல நிரல் என்பதற்கு உரிமமே பொருள் வரையறுக்கிறது: பைனரியில் அடங்கிய எல்லா மாட்யூல்களின் (தனித்தனிக் கூறுகளின்) நிரலும், இடைமுக வரையறைக் கோப்புகளும், கம்பைல் செய்வதையும் நிறுவுவதையும் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளும் அதில் அடங்கும். கம்பைல் ஆகாத ஒரு தொகுப்பைத் தந்துவிட்டுக் கொடுத்தாயிற்று என்று சொல்வது இந்த வரையறைக்கு முன் நிற்காது.

இரகசிய ஒப்பந்தம் என்ற சாக்கு, கேட்பவரை வாயடைக்கச் செய்வதால்தான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது. உரிமத்தின் 7-ஆம் பிரிவு இந்த நிலைமையை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து எழுதப்பட்டது. நீதிமன்ற ஆணையாலோ, ஒப்பந்தத்தாலோ, வேறு எக்காரணத்தாலோ உரிமத்துக்கு முரணான நிபந்தனைகள் ஒருவர்மீது விழுந்தாலும் உரிமத்தின் நிபந்தனைகளிலிருந்து அவருக்கு விலக்கு இல்லை; இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற முடியாவிட்டால் அவர் அந்த மென்பொருளை விநியோகிக்கவே கூடாது என்கிறது அது. சிப் தயாரிப்பாளருக்குக் கொடுத்த வாக்கு அவர்கள் இருவருக்கும் இடையிலான பிரச்சினை. அதைக் காரணம் காட்டுவதன்மூலம், தமக்கு விற்கும் உரிமையே இல்லாத ஒன்றை விற்றுக்கொண்டிருப்பதாக நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

விடுபட்ட டிரைவர்கள்பற்றி எச்சரிக்கையாகப் பேச வேண்டும். கெர்னல் பைனரிக்குள்ளேயே சேர்த்துக் கம்பைல் செய்யப்பட்ட டிரைவர் என்றால் விவாதத்துக்கே இடமில்லை; அதன் நிரலும் தரப்பட வேண்டும். ஆனால் அண்மைக் கால ஆண்ட்ராய்டு கைபேசிகளில், குறிப்பாக ஆண்ட்ராய்டு 12-உடன் 5.10 கெர்னலைக் கொண்டு வெளிவந்தவை முதல், கூகுளின் பொதுக் கெர்னல் தனியாகவும் தயாரிப்பாளரின் டிரைவர்கள் பின்னர் ஏற்றப்படும் மாட்யூல்களாகவும் பிரிந்திருக்கின்றன. கெர்னல் கூகுளுடையது, அதன் நிரல் பொதுவில் இருக்கிறது, மாட்யூல்கள் எங்கள் சொந்தப் படைப்பு என்று நிறுவனம் வாதிட இது வழிவிடுகிறது. இப்படி ஏற்றப்படும் மாட்யூல் கெர்னலின் வழிப்படைப்பா (அதிலிருந்து உருவாகி அதன் உரிமத்துக்கு உட்படும் படைப்பா), தனிப்படைப்பா என்பதில் சட்ட அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

எனினும் அந்த வாதத்தில் இறங்கும் முன் மாட்யூல் கோப்புகளையே ஆராய்ந்து பாருங்கள். ஒவ்வொரு மாட்யூலும் தன் உரிமம் இன்னது என்று ஒரு குறிப்பைச் சுமந்திருக்கும். மாட்இன்ஃபோ என்ற கருவி அதைக் காட்டிவிடும். இந்தக் குறிப்பு வெறும் அலங்காரம் அன்று. கெர்னலின் பல செயற்கூறுகள் ஜிபிஎல்லுக்கு இணக்கமான உரிமம் கொண்ட மாட்யூல்களுக்கு மட்டுமே என்று ஒதுக்கப்பட்டிருப்பதால், அவற்றைப் பயன்படுத்த விரும்பும் மாட்யூல் தன்னை அப்படி அறிவித்துக்கொண்டாக வேண்டும். இல்லையேல் கெர்னல் அதை ஏற்காது. தொடுதிரை டிரைவரின் கோப்பில் ஜிபிஎல் என்று எழுதி வைத்துவிட்டு, கடிதத்தில் மட்டும் அது எங்கள் தனியுரிமைப் படைப்பு என்று நிறுவனம் சொல்லுமானால், அவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவதைவிட வலுவான வாதம் உங்களுக்குத் தேவையில்லை. குறிப்பில் பிஎஸ்டி (மூல நிரலைத் தரக் கட்டாயப்படுத்தாத ஓர் உரிமம்), ஜிபிஎல் ஆகிய இரட்டை உரிமம் இருந்தால் இந்த வாதம் வலுவிழக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேமராவில் உங்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கலாம். உணரியை இயக்கும் கெர்னல் டிரைவர் உரிமத்தின் வரம்புக்குள் வரும். ஆனால் படத்தைச் செம்மைப்படுத்தும் நூலகங்களும் வன்பொருள் இடைமுக அடுக்கும் கெர்னலுக்கு வெளியே, பயனர் தளத்தில் இயங்குகின்றன. சாதாரண சிஸ்டம் கால்கள் (கெர்னலிடம் சேவை கேட்கும் அழைப்புகள்) வழியாகக் கெர்னலைப் பயன்படுத்தும் நிரல்கள் வழிப்படைப்பு ஆகா என்று கெர்னலின் உரிமக் கோப்பே விலக்கு அளிக்கிறது. ஆண்ட்ராய்டின் மேலடுக்குகளில் பெரும்பகுதி அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ளது. அது மூல நிரலைத் தரும்படி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே கோரிக்கையைக் கெர்னல், அதன் மாட்யூல்கள், ஜிபிஎல் உரிமம் கொண்ட பிற கூறுகள் என்ற எல்லையோடு நிறுத்துங்கள். எல்லாவற்றையும் கொடு என்று எழுதினால், மறுக்கத் தகுந்த பகுதியை மறுத்துவிட்டு மறுக்க முடியாததையும் அதன் நிழலில் மறைத்துக்கொள்வார்கள்.

பூட்லோடரைத் திறக்கும்படி இந்த உரிமத்தின்கீழ் கோருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறுவுவதைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகள் என்ற சொற்றொடருக்குள் கருவி மென்பொருளை ஏற்கத் தேவையான கையொப்பச் சாவிகளையும் சேர்த்துப் பொருள்கொள்வோர் உண்டு; ஆனால் இரண்டாம் பதிப்பின் வாசகத்தில் சாவிகள் குறிப்பிடப்படவில்லை. மாற்றிய மென்பொருளைக் கருவி ஏற்க மறுக்கும் சிக்கலைத் தீர்க்கவே 2007-ல் வெளியான மூன்றாம் பதிப்பில், நுகர்வோர் கருவிகளுக்கு நிறுவல் தகவலையும் தர வேண்டும் என்ற விதி வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. லினக்ஸ் கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டதால் அந்த விதி இங்கே உங்களுக்குக் கைகொடுக்காது.

இனி, வழக்குத் தொடரும் உரிமை. ஜிபிஎல்லை மீறுவது வெறும் நன்னடத்தைக் குறைவு அன்று, பதிப்புரிமை மீறல் என்பதை நீதிமன்றங்கள் ஏற்கெனவே ஏற்றிருக்கின்றன. 2004-ல் ஜெர்மனியின் முனிச் நீதிமன்றம், கெர்னலின் நெட்ஃபில்டர் பகுதியை எழுதிய ஹரால்ட் வெல்ட்டேக்கு ஆதரவாக ஒரு ரவுட்டர் விற்பனையாளருக்கு எதிரான தடையாணையை உறுதிசெய்தது. 2010-ல் அமெரிக்காவில், பிஸிபாக்ஸ் மென்பொருளின் உரிமத்தை மீறிய ஒரு தொலைக்காட்சிப் பெட்டித் தயாரிப்பு நிறுவனத்துக்கு எதிராக 90,000 டாலர் இழப்பீடும், கையிருப்பிலுள்ள அக்கருவிகளை ஒப்படைக்கும் ஆணையும் பிறந்தன. நிறுவனம் எதிர்வாதத்தைத் தொடராததால் கிடைத்த தீர்ப்பு அது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனால் இவ்வழக்குகளைத் தொடுத்தவர்கள் பதிப்புரிமை உடையவர்கள். 4-ஆம் பிரிவின்படி, மீறிய நிறுவனத்தின் உரிமம் தானாகவே ரத்தாகிவிடுகிறது. அதன்பின் செய்யும் விற்பனை பதிப்புரிமை மீறலே. ஆயினும் அதைக் கேட்கும் தகுதி, படைப்பின் உரிமையாளருக்கே முதலில் உண்டு.

உங்கள் பேட்ச் அந்தத் தகுதியைத் தருமா என்றால், தனியாகத் தருவது கடினம் என்பதே என் கணிப்பு. கெர்னலில் கணிசமான பங்களிப்பு உடைய கிறிஸ்டோஃப் ஹெல்விக், விஎம்வேர் நிறுவனத்துக்கு எதிராக ஹாம்பர்க் நகரில் தொடுத்த வழக்கு 2016-ல் தள்ளுபடியானது. தம் நிரலில் எந்தப் பகுதி அந்நிறுவனத்தின் பொருளில் பயன்பட்டிருக்கிறது, அது எவ்வாறு பாதுகாப்புக்கு உரியது என்பதை அவர் போதிய அளவு நிறுவவில்லை என்றது நீதிமன்றம். 2019-ல் மேல்முறையீடும் தோற்றது. ஹெல்விக்குக்கே இந்த நிலை என்றால், சில வரிகளுக்கு உரிமையாளரான உங்களை எதிர்த்தரப்பு எப்படி எதிர்கொள்ளும் என்பதை ஊகிக்கலாம். அந்த வரிகள் உங்கள் கைபேசியின் பைனரிக்குள் கம்பைல் ஆகியிருக்கின்றனவா என்பதையேகூட நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். பணிக்காலத்தில் எழுதியதாயின் பதிப்புரிமை உங்கள் முதலாளியுடையதாகவும் இருக்கலாம்.

வாங்கியவர் என்ற முறையில் வழி அடைபட்டுவிடவில்லை. ஜிபிஎல்லை ஒப்பந்தமாகக் கொண்டு, அதன் பயனை அடைய வேண்டியவர் என்ற நிலையிலிருந்து மூல நிரலைக் கேட்கலாம் என்ற வாதத்துடன், சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற, கட்டற்ற மென்பொருளுக்கு ஆதரவளிக்கும் அமைப்பு 2021-ல் கலிபோர்னியாவில் விசியோ என்ற தொலைக்காட்சிப் பெட்டித் தயாரிப்பு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தது. பதிப்புரிமை உடையவராக அல்லாமல், தொலைக்காட்சியை வாங்கியவராகவே அவ்வமைப்பு நீதிமன்றத்துக்கு வந்தது. இது பதிப்புரிமைச் சட்டத்துக்குள் மட்டும் அடங்கும் விவகாரம் என்ற வாதத்தை ஏற்காமல் கூட்டாட்சி நீதிமன்றம் 2022-ல் வழக்கை மாநில நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது. விசாரணையின்றி முடித்துவைக்கும்படி விசியோ கேட்டதை மாநில நீதிமன்றம் 2023 இறுதியில் மறுத்தது. ஜெர்மனியிலும் 2023-ல் ரவுட்டர் வாங்கிய ஒரு நிரலாளர் வழக்குத் தொடுத்தபின், விடுபட்ட ஸ்கிரிப்டுகளை நிறுவனம் கொடுத்துவிட்டது. இந்த வழி உங்களுக்கும் திறக்குமா என்பது, மூன்றாம் தரப்புப் பயனாளி ஒப்பந்தத்தை அமல்படுத்துவதை உங்கள் நாட்டுச் சட்டம் ஏற்கிறதா என்பதைப் பொறுத்தது. கைபேசியின் சட்டத் தகவல் பக்கத்திலேயே மூல நிரல் தருவோம் என்ற உறுதிமொழி இருந்து, அது காப்பாற்றப்படவில்லை என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழும் முறையிட வாய்ப்புண்டு. வாங்கிய ரசீது உங்கள் பெயரில் இருப்பது அப்போது முக்கியம்.

நடைமுறையில், வழக்கைவிடச் சரியாக எழுதப்பட்ட கடிதத்துக்கு இந்த நிறுவனங்கள் விரைவாக அசைகின்றன. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுவதை நிறுத்துங்கள். அங்கே பதில் எழுதுபவருக்குக் கெர்னல் என்றால் என்னவென்றே தெரியாமலிருக்கலாம். சட்டப் பிரிவுக்கோ, உறுதிமொழியில் குறிப்பிடப்பட்டுள்ள திறமூல முகவரிக்கோ எழுதுங்கள். மாடல் எண், பில்டு எண், கைபேசி காட்டும் கெர்னல் பதிப்பு வரி, அவர்கள் தந்த தொகுப்பின் பதிப்பு, நிரல் இல்லாத மாட்யூல்களின் பெயர்கள், கம்பைல் செய்யும்போது வந்த பிழைச் செய்திகள் ஆகியவற்றைத் தந்து, 3, 7 ஆகிய பிரிவுகளைச் சுட்டி, ஒரு நியாயமான கெடுவைக் குறியுங்கள். பிரதிச் செலவைத் தரத் தயார் என்று ஒரு வரி சேர்க்கலாம். பணம் கேட்காதீர்கள். மீறலைத் திருத்துவதே நோக்கமாக இருக்க வேண்டும், வருமானம் ஆகக்கூடாது என்று 2015-ல் வெளியான சமூகம் சார்ந்த அமலாக்கக் கோட்பாடுகள் வலியுறுத்துகின்றன. பணத்தை முன்வைப்பவரைக் கெர்னல் சமூகமே கைவிட்டுவிடும். பதில் வராவிட்டால், இதே ஆவணங்களைக் கன்சர்வன்சி போன்ற அமைப்பிடமோ, விடுபட்ட டிரைவர் எந்தக் கெர்னல் பகுதியைச் சார்ந்திருக்கிறதோ அதன் பதிப்புரிமையாளர்களிடமோ அளியுங்கள். வழக்குத் தொடரும் தகுதி அவர்களுக்கு உண்டு. அவர்களிடம் பெரும்பாலும் இல்லாததோ உங்கள் கையிலுள்ள கைபேசியும் நீங்கள் திரட்டிய சான்றும்தான். உள்ளூர்ப் புலமைச் சொத்து வழக்கறிஞர் ஒருவரையும் அப்போது கலந்துகொள்ளுங்கள், ஏனெனில் காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும்.

அதற்குமுன் உங்கள் குழுவின் கணக்கையும் சரிபார்க்க வேண்டும். நீங்கள் வெளியிடும் ரோமில் கெர்னல் பைனரி இருக்கிறது. அதை விநியோகிப்பவர்கள் நீங்கள். ஆகவே அதற்குரிய முழு நிரலையும் தரும் கடமை உங்கள் குழுவுக்கும் அதே கண்டிப்புடன் பொருந்தும். நிறுவனம் எங்களுக்குத் தரவில்லை என்பது உங்களுக்கும் விலக்கு ஆகாது. நிரல் கிடைக்காத கெர்னல் பைனரியை நிறுவனத்தின் கோப்பிலிருந்து அப்படியே எடுத்துச் சேர்த்திருந்தால் உடனே நீக்குங்கள். கசிந்து வந்த சிப் நிரல் எதையும் தொடவும் வேண்டாம், குழுவின் களஞ்சியத்தில் ஏற்றவும் வேண்டாம்; நிறுவனத்தின் வழக்கறிஞர் உங்கள் கடிதம் கிடைத்ததும் முதலில் தேடப்போவது அதைத்தான்.