கொம்பு ஊதிப் பிறக்கும் ஆண்டு: ரோஷ் ஹஷானா பற்றிக் கேளுங்கள்

கேள்வி: அண்ணா, யூதர்களுக்கு ஏழாம் மாதத்தில்தான் ரோஷ் ஹஷானா என்ற புத்தாண்டாமே? அது எப்படி?

பதில்: மாதங்களை அவர்கள் எண்ணத் தொடங்குவது, எகிப்திலிருந்து விடுதலையான நிசான் மாதத்திலிருந்து. ஆண்டு எண் மாறுவது ஏழாம் மாதமான திஷ்ரி முதல் தேதியில். நமக்கு அது செப்டம்பர் அல்லது அக்டோபர். 2025 செப்டம்பர் 22 மாலையில் 5786 பிறந்தது. விவிலியத்தின் லேவியராகமத்தில் 'புத்தாண்டு' என்ற பேச்சே இல்லை, எக்காளம் ஊதும் ஓய்வுநாள் என்று மட்டும் இருக்கிறது. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா நான்கு புத்தாண்டுகளைச் சொல்கிறது. மரங்களுக்குக்கூட ஒன்று!

கேள்வி: நியாயத்தீர்ப்பு நாள் என்றும் சொல்கிறார்களே. அப்படியானால் அழுவதா, சிரிப்பதா?

பதில்: இரண்டும். அன்று மூன்று ஏடுகள் திறக்கப்படுவதாக, மிஷ்னாவை விளக்கும் நூலான தல்மூத் சொல்கிறது: முழு நல்லவர், முழுக் கெட்டவர், நடுவில் நிற்பவர். நடுவில் நிற்பவர்களின் தீர்ப்பு பத்தாம் நாளான யோம் கிப்பூர் என்ற பாவநிவிர்த்தி நாள் வரை தள்ளிப்போகும். நாமெல்லாம் அந்த ஏட்டில்தான் இருப்போம் என்று நினைக்கிறேன். ஆனால் இதே நாளில் வேதத்தைக் கேட்டு அழுத மக்களிடம், அழாதீர்கள், போய்க் கொழுமையானதைச் சாப்பிட்டு இனிப்பானதைக் குடியுங்கள், இல்லாதவர்களுக்கும் கொடுத்தனுப்புங்கள் என்று சொன்னதாக நெகேமியா நூலில் இருக்கிறது.

கேள்வி: ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவது?

பதில்: ஆண்டு இனிக்கட்டும் என்றுதான். பெரிய தத்துவம் தேட வேண்டாம்.

கேள்வி: ஷோஃபார் ஊதுவதன் பொருள் என்ன?

பதில்: எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஷோஃபார் என்பது ஆட்டுக்கடா கொம்பு. ஆபிரகாம் பலியிடப் போன மகன் ஈசாக்குக்குப் பதிலாகப் பலியான கடாவை அது நினைவூட்டும். தூங்குகிறவர்களே எழுந்திருங்கள் என்று அது கூப்பிடுவதாக இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதினார். ஆனால் தல்மூத் சொல்லும் சேதி இன்னும் ஆழமானது. ஷோஃபாரில் ஊதும் 'தெருவா' என்ற ஒலி எப்படி இருக்க வேண்டும்? ஓர் அழுகையைப் போல. யாருடைய அழுகை? இஸ்ரவேலின் எதிரிப் படைத்தலைவன் சிசெராவின் தாய், மகன் வரவில்லையே என்று ஜன்னலோரம் நின்று அழுத அழுகை. அவள் அழுதது பெருமூச்சாகவா, விம்மலாகவா என்று தெரியாததால் இரண்டு விதமாகவும் ஊதுகிறார்கள். தங்கள் புனித நாளின் ஒலிக்கு எதிரியின் தாயை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

கேள்வி: ஐயா, ஆற்றங்கரையில் சட்டைப்பையை உதறினால் பாவம் போய்விடுமா?

பதில்: அது 'தஷ்லிக்'. பாவங்களைக் கடலின் ஆழத்தில் போடுவார் என்ற மீகா தீர்க்கதரிசியின் வசனத்தை ஒட்டிய வழக்கம், அடையாளம் மட்டுமே. உள்ளே நடக்க வேண்டியது 'தெஷுவா', அதாவது திரும்பி வருதல். தமிழ் விவிலியத்தின் 'மனந்திரும்புதல்' இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. சக மனிதனுக்குச் செய்த தீங்கை, அவனைச் சமாதானம் செய்யாதவரை யோம் கிப்பூரும் தீர்க்காது என்கிறது மிஷ்னா.

கேள்வி: சரி, நான் கேட்டும் அவர் மன்னிக்கவில்லை என்றால்?

பதில்: மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போ, மூன்று தடவை வரை கேள் என்கிறார் மைமோனிடிஸ். அப்புறமும் மறுத்தால் விட்டுவிடலாம், குற்றம் இனி அவர்மேல். ஆனால் அவர் உங்கள் குருவாக இருந்தால், ஆயிரம் தடவையானாலும் போக வேண்டும்.